நடவுக்கு வைத்த வெற்றிலை

ஏகநாதனுக்கு யாரையும் நம்பிப் பழக்கமில்லை. பால் சொசைட்டிக்காரன் பாலில் விடுகிற கண்ணாடிக் குழாயில் ஏதோ தில்லுமுல்லு கீது என்பான். கரண்ட் மீட்டர் பார்க்க வந்தவன் எழுதுவதற்கு முன்னால் இருமினால் அந்த இருமலுக்கும் ஒரு அர்த்தம் சொல்லுவான். கோயில் பூசாரி எல்லோருக்கும் பெரிய தேங்காய் மூடியைக் கொடுத்துவிட்டு நமக்கு மட்டும் சின்னதைக் கொடுக்கிறான் என்று ரொம்ப நாளாக அவனுக்கு ஒரு குறை. அப்பேர்ப்பட்டவன் நடவுக்குச் சொல்லியிருந்த பொம்பளைகள், திங்கட்கிழமை காலையில் ஒருத்திகூட வராமல் போனால், சும்மா இருப்பானா?

தொண்ணூற்றி ரெண்டாம் வருஷம், புரட்டாசி கடைசி. மேடவாக்கத்திலிருந்து தாம்பரம் போகிற ரோட்டுக்குத் தெற்கே, ஏரியை ஒட்டி அவன் நிலம். உழுது பரம்படித்து, தண்ணீர் கட்டி, எல்லாம் தயாராக இருந்தது. நாற்றங்காலில் நாற்று பச்சைப்பசேலென்று நின்றது. வரப்பில் ஏகநாதன் மட்டும் தலையில் துண்டோடு நின்றான். வெயில் ஏறிக்கொண்டே போனது. ஏரிக்கரைப் பக்கமிருந்து ஒரு தலைகூடத் தெரியவில்லை.

வியாழக்கிழமைதான் அஞ்சம்மாள் கையில் வெற்றிலை பாக்கு வைத்துவிட்டு வந்திருந்தான். அஞ்சம்மாள் ஏரிக்கரைத் தெரு நடவாட்களுக்குத் தலைவி. அவள் ஒரு குரல் கொடுத்தால் தெருவே பின்னால் கிளம்பி வரும். அந்தப் பக்கத்து வழக்கம் அது. வெற்றிலையை மடியில் வாங்கிக் கட்டிக்கொண்டாள் என்றால் அந்த நிலத்தை நட்டு முடிக்கிற வரைக்கும் வேறு யார் சேற்றிலும் கால் வைக்கமாட்டாள். வெற்றிலை அவளிடம் இருக்கிற வரைக்கும் நிலத்துக்காரனும் வேறு ஆளைக் கூப்பிடக் கூடாது. வர முடியாது என்றால் நிலத்துக்காரன் வீட்டுக்கு நேரே வந்து வெற்றிலையைத் திருப்பிக் கொடுத்துவிடுவாள். திருப்பியும் கொடுக்காமல், வேலைக்கும் வராமல் இருந்தது அந்த ஊரில் இதுவரைக்கும் நடந்ததில்லை.

இது யார் வேலை என்று ஏகநாதனுக்கு வரப்பிலேயே தெரிந்துபோயிற்று. தெரிந்துபோயிற்று என்று அவன் நினைத்துக்கொண்டான்.

தம்பி சிட்டிபாபு நிலத்தில் கால் வைத்துப் பல வருஷம் ஆகிறது. முதலில் குரோம்பேட்டையில் ஒரு பட்டறையில் ஃபிட்டராகப் போனான். பட்டறை மூடினதும் பிளாட் போட்டு விற்கிறவர்களோடு சேர்ந்துகொண்டு, வெள்ளைச் சட்டையும் ராஜ்தூத் பைக்குமாகத் திரிந்தான். சுற்றி இருந்த நிலமெல்லாம் ஒவ்வொன்றாக மஞ்சள் பூசிய கல் முளைத்து நகராகிவிட்டது. நடுவில் மிச்சமிருந்தது இவர்களுடைய நிலம்தான். அப்பா பாகம் பிரிக்காமல் விட்டுப் போனது. அண்ணன் கையெழுத்துப் போடாமல் தம்பி விற்க முடியாது, தம்பி சும்மாவும் இருக்கமாட்டான். நாள் தவறாமல் சண்டை. கடைசியில் சித்திரை மாசம் பெரியவர்கள் உட்கார்ந்து ஒரு பேச்சு பேசி முடித்தார்கள். இந்தப் போகம் ஏகநாதன் நட்டுவிட்டால் நிலம் நிலமாக இருக்கட்டும், சிட்டிபாபு அப்புறம் வாயைத் திறக்கக் கூடாது. நடாமல் தரிசாகக் கிடந்தால் ஏகநாதன் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும்.

ஆக, நாற்று கணு விடுவதற்குள் நட வேண்டும். முற்றின நாற்றை நட்டால் தூர் கட்டாது. நிலம் தங்குவதும் போவதும் அதில்தான் இருந்தது. இந்த நேரம் பார்த்து ஆள் காணாமல் போனால், எந்தக் குழந்தையைக் கேட்டாலும் சிட்டிபாபு பெயரைத்தானே சொல்லும்?

மத்தியானம் வீட்டுக்கு வந்து, "உன் கொழுந்தன் வேலைய காட்டிட்டான்" என்றான்.

அவன் பெண்சாதி பச்சையம்மா வாசற்படியில் உட்கார்ந்து கால் விரல் இடுக்கில் மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துத் தடவிக்கொண்டிருந்தாள். போன போகத்துச் சேற்றுப்புண், இன்னும் முழுசாக ஆறவில்லை. வாய் சிவப்பாக இருந்தது.

"இன்னா பண்ணான்?"

"ஆளுங்கள இஸ்துகினு பூட்டான். அஞ்சம்மாள எங்கியோ ஒளிச்சு வெச்சிக்கிறான்."

"பொம்பளைய ஒளிச்சு வெக்க அவ இன்னா கோழியா? விடுய்யா. சோத்தத் துண்ணு."

சோற்றில் கை வைத்தவன் நிமிர்ந்து அவள் வாயைப் பார்த்தான். அவள் வெற்றிலை போடுகிறவள் இல்லை. "உனுக்கு ஏது வெத்தல?"

"பள்ளத்தெருவுல வளகாப்பு. குடுத்தாங்க" என்று சொல்லிவிட்டு அவள் எழுந்து உள்ளே போனாள்.

ஊரில் இருமுகிறவனை எல்லாம் சந்தேகப்படுகிற மனுஷன், பெண்சாதி சொன்னதை அப்படியே விழுங்கிவிட்டு ரசம் கேட்டான். கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் அவளை மட்டும் அவன் சந்தேகப்பட்டதே கிடையாது. அந்த வேலைக்கு அவனுக்கு ஊர் முழுக்க ஆள் இருந்தார்கள்.

மறுநாள் ஏரிக்கரைத் தெருவுக்குப் போனான். அஞ்சம்மாள் வீடு பூட்டிக் கிடந்தது. பக்கத்து வீடும் பூட்டு. அதற்குப் பக்கத்தில் ஒரு கிழவர் கயிற்றுக்கட்டிலில் படுத்துக்கொண்டு, "காத்தால வேன் வருது, ஏறிகினு போறாளுங்க. பொழுது சாஞ்சா வருதுங்க. எங்கன்னு எங்கிட்ட யாரு சொல்றாங்க?" என்றார்.

வேன்! ஏகநாதனுக்கு மூக்கு வேர்த்தது. சனிக்கிழமைதான் ரோட்டு டீக்கடையில் சிட்டிபாபு ஒரு மெட்டடோர் வேன்காரனோடு தோளில் கை போட்டுச் சிரித்துக்கொண்டிருந்ததைத் தன் கண்ணாலேயே பார்த்திருந்தான். அப்போது அது வெறும் சிரிப்பு. இப்போது அது சாட்சி. தன் சேற்றில் நிற்க வேண்டிய பெண்களை வேனில் அள்ளிக்கொண்டுபோய் எங்கேயோ சும்மா உட்கார வைத்துச் சோறு போட்டு, நாற்று முற்றினதும் திருப்பி அனுப்பப் போகிறான், படுபாவி. இதைவிடப் பெரிய சூழ்ச்சி இருக்க முடியுமா? யோசிக்க யோசிக்க அவனுக்கு அது ஒன்றுதான் நியாயமாகப் பட்டது.

வெள்ளிக்கிழமை செல்லியம்மன் கோயிலில் கூட்டம். சிட்டிபாபு கும்பிட்டுவிட்டுத் திரும்பினபோது ஏகநாதன் எதிரே போய் நின்றான்.

"ஆளுங்க எங்கடா?"

"எந்த ஆளுங்க?"

"டபாய்க்காத. அஞ்சம்மா எங்க? நடவ கெடுத்துட்டு நெலத்த அடிச்சிகினு போலாம்னு பாக்கறியா? உனுக்கு யோக்கியத இருந்தா ஆத்தா முன்னாடி கற்பூரம் அடி."

கற்பூரம் அடிப்பது அங்கே விளையாட்டுப் பேச்சில்லை. ஏற்றின கற்பூரத்தின்மேல் உள்ளங்கையால் அறைந்து அணைத்து, பொய் சொன்னால் என் குடும்பம் இப்படி அணைஞ்சு போகட்டும் என்று சொல்ல வேண்டும். கூடப்பிறந்தவனைப் பார்த்து யாரும் அதைக் கேட்கமாட்டார்கள். கேட்டால் அதோடு உறவு போச்சு.

சிட்டிபாபு முகத்தில் ஈயாடவில்லை. பிறகு பூசாரி கையிலிருந்த கட்டியை வாங்கிப் படியில் வைத்து அவனே கொளுத்தினான். "உன் ஆளுங்கள நான் இஸ்துகினு போல. எங்க கீறாங்கன்னும் எனுக்குத் தெரியாது" என்று சொல்லிப் பட்டென்று அடித்தான். கை கருத்தது.

"போதுமாண்ணா? நெலத்த விக்கச் சொல்லி உங்கிட்ட சண்ட போட்டேன். மூஞ்சிக்கு நேரா போட்டேன். முதுவுக்குப் பின்னால ஒண்ணும் பண்ணல. இனிமே உன் வூட்டு வாசப்படி நான் மிதிக்கமாட்டேன்." சொல்லிவிட்டு அவன் நடந்து போனபோது, கூட்டம் வழி விட்டது. அந்த வழியை யாரும் ஏகநாதனுக்கு விடவில்லை.

பச்சையம்மா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பூசாரி நீட்டின குங்குமத்தை அவள் வாங்கவில்லை. கொழுந்தனுக்காக இவளுக்கு என்ன இத்தனை உருக்கம் என்று ஏகநாதன் எரிச்சல்பட்டான்.

அப்போதாவது விட்டானா? விடவில்லை. வீட்டுக்கு வந்து அந்தச் சத்தியத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். 'நான் இஸ்துகினு போல' என்றுதானே சொன்னான்? வேறு ஆளை விட்டு இழுத்திருந்தால்? அந்த வேன்காரன் ஒருத்தன் இருக்கிறானே! இப்படி நினைத்ததும் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. தம்பி உத்தமன் என்று ஆகிவிட்டால் கோயிலில் தான் செய்தது என்ன? அந்தப் பக்கம் நினைப்பு போகவே அவனுக்குப் பயமாக இருந்தது.

சனிக்கிழமை காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஏரிக்கரை முனையில் புளியமரத்துக்குப் பின்னால் நின்றான். வேன் வந்தது. அஞ்சம்மாள், அவள் மருமகள், இன்னும் தெருவே ஏறியது. யாரும் யாரையும் இழுக்கவில்லை. முண்டியடித்துக்கொண்டு தாங்களாகவே ஏறினார்கள். வேன் கிளம்பியதும் பின்னாலேயே மிதித்தான். சேலையூர் தாண்டுவதற்குள் வேன் கண்ணுக்கு மறைந்துபோயிற்று. நல்லவேளை, தாம்பரம் ரயில்வே கேட் மூடியிருந்தது. லாரிகளுக்கும் பஸ்களுக்கும் நடுவில் அது மாட்டிக்கொண்டு நின்றது. கேட் திறந்ததும் மறுபடி பிடித்தான். சானடோரியம் பக்கம் நீளமான மதில் சுவர் ஒன்று. அதிலிருந்த பெரிய கேட்டுக்குள் வேன் நுழைந்துவிட்டது.

"யோவ், சைக்கிள ஓரங்கட்டு. உள்ள வுட முடியாது" என்றான் காக்கிச் சட்டை வாட்ச்மேன்.

எதிரே டீக்கடையில் உட்கார்ந்தான். உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டான்.

"எக்ஸ்போர்ட் கம்பெனிங்க. துணி தெக்கிறாங்க, கை உறை பண்றாங்க, என்னென்னமோ. ஒரு சட்டகூட நம்ம ஊர்ல விக்காது. எல்லாம் கப்பலேறிப் போவுது" என்றார் டீக்கடைக்காரர்.

செய்கிறதை இங்கே விற்கமாட்டார்களாம்! அப்படியென்றால் அது என்ன சரக்கு? யாரும் பார்க்கக் கூடாத சரக்கா? இத்தனை உயரச் சுவர் எதற்கு? ஏகநாதன் அன்றைக்கு முழுக்க அந்தச் சுவரையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். போகிற வருகிற ஒவ்வொரு லாரியிலும் தன் நடவாட்களின் கால் தெரிகிறதா என்று பார்த்தான். டீக்கடைக்காரர் இவனைப் பார்த்து, யாரிவன் என்று சந்தேகப்பட ஆரம்பித்திருந்தார்.

சாயங்காலம் சங்கு ஊதினது. கேட்டுக்குள்ளிருந்து பெண்கள் வந்தார்கள், வந்துகொண்டே இருந்தார்கள். திருவிழாவில்கூட இத்தனை பெண்களை அவன் ஒரே இடத்தில் பார்த்ததில்லை. இத்தனை பேர் யார் யார் வயலை விட்டுவிட்டு வந்தவர்களோ. இவர்களை எல்லாம் வேன் வைத்து இழுக்க சிட்டிபாபுவால் ஆகுமா?

அஞ்சம்மாள் வந்தாள். கழுத்தில் படம் ஒட்டின அட்டை. கிளிப் போட்ட தலை. புடவையில் ஒரு பொட்டு சேறு இல்லை. "பாத்து போங்கம்மா" என்று அதே வாட்ச்மேன் அவளுக்கு வழி விட்டான்.

இவனைப் பார்த்ததும் நின்றாள். "அண்ணா, நீயா? இங்க இன்னா பண்ற?"

வழக்கமாக எஜமானைக் கூப்பிடுகிற மாதிரி 'ஆண்டே' என்றுதான் கூப்பிடுவாள். அவள் பாட்டி கூப்பிட்டது, அம்மா கூப்பிட்டது. ஏகநாதனுக்கு அது சுருக்கென்று பட்டது. ஆனால் கேட்க வந்தது வேறு.

"வெத்தல வாங்கினியே அஞ்சம்மா. வாங்கிட்டு இங்க வந்து நிக்கிறியே, இது நியாயமா? எவன் இஸ்துகினு வந்தான் உன்ன?"

"யாரு இஸ்துகினு வரணும்? என் மருமவ மிசின்ல உக்காந்தா. ஆள் பத்தலன்னாங்க, நானும் தெருவோட வந்துட்டேன். துணில நூல் பிசிரு வெட்டற வேல. நெழல்ல உக்காந்துகினு வெட்டறோம். மழ பெஞ்சாலும் கூலி உண்டு. சேத்துல குனிஞ்சு நட்டாத்தான் சோறுன்னு எவன் எழுதி வெச்சான்?" என்றவள், அவன் முகத்தைப் பார்த்துக் குரலை இறக்கினாள். "ஆனா உன் வெத்தலைய நான் ஏமாத்தலண்ணா. போன சனிக்கெழம காத்தாலயே உன் வூட்டுக்கு வந்து திருப்பிக் குடுத்துட்டேன். வேற ஊரு ஆளப் பாத்துக்கோன்னு சொல்லிட்டும் வந்தேன்."

"யார் கைல குடுத்த?"

"நீ இல்ல. பச்சையம்மாக்கா கைலதான் குடுத்தேன். சொல்லலயா?"

வேன் ஹாரன் அடித்தது. அவள் ஓடிப்போய் ஏறிக்கொண்டாள். ஏகநாதன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றான். சிவந்த வாய் ஒன்று அவன் கண்முன்னால் வந்து வந்து போனது. வளைகாப்பாம். பள்ளத்தெருவில் அந்த மாசம் எந்தப் பெண்ணுக்கும் வளைகாப்பு இல்லை, யோசித்துப் பார்த்திருந்தால் அவனுக்கே தெரிந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது அவள் விளக்கேற்றிவிட்டு, வாசலில் கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள். அவன் கேட்கவே இல்லை. சைக்கிள் நின்ற விதத்திலேயே அவளுக்குத் தெரிந்துபோயிற்று.

"சொல்லியிருந்தா திருப்போரூர் பக்கம் போயி லாரில ஆள் ஏத்திகினு வந்து நட்டிருப்ப" என்றாள். "நட்டுட்டு? களை எடுக்க யாரு? போன வருசம் ஆள் வர்லன்னு மொத்த நெலத்துக்கும் நான்தான் குனிஞ்சேன். நீ வரப்புல நின்னுகினு, அங்க வுட்டுட்ட, இங்க வுட்டுட்டன்னு சொல்லிகினு இருந்த. என் காலப் பாரு. நீ எப்பனா பாத்தியா? ஊர்ல எவன் எவன் கால எங்க வெக்கிறான்னு பாக்கற. என் காலப் பாத்தியா?"

அவன் பார்த்தான். வெந்துபோனது மாதிரி வெளுத்துப் பிளந்திருந்தது. அவமானமாக இருந்தது அவனுக்கு. கோபமும் கூடவே வந்தது.

"அதுக்கு? அவன கற்பூரம் அடிக்க வெச்சனே. நீ தூணாண்ட நின்னுகினு பாத்துகினு இருந்தியே!"

"இருந்தேன்" என்றாள். "வாய் வரல. அன்னிலேர்ந்து எனுக்குச் சோறு எறங்கல." சொல்லும்போதே அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ஏகநாதன் நாற்றங்காலில் இறங்கி ஒரு நாற்றைப் பிடுங்கிக் கிள்ளிப் பார்த்தான். கணு விட்டிருந்தது. வீட்டுக்குப் போய்ப் பசுமாட்டை அவிழ்த்துக்கொண்டு வந்து நாற்றங்காலில் விட்டான். மாடு முதலில் தயங்கிற்று. அந்தப் பக்கம் தலை நீட்டினதற்கே அது அவனிடம் அடி வாங்கியிருக்கிறது. பிறகு மேய ஆரம்பித்தது. பச்சையம்மா கயிற்றைப் பிடித்துக்கொண்டு வரப்பில் நின்றாள். வேண்டாம் என்று நினைத்த பயிர்தான், இருந்தும் அதைப் பார்க்க மாட்டாமல் ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ரோட்டில் ராஜ்தூத் சத்தம் வந்து நின்றது. நாற்றங்காலில் மாடு மேய்ந்தால் நிற்காமல் போகிற விவசாயி வீட்டுப் பிள்ளை உண்டா? சிட்டிபாபு வரப்பு வரைக்கும் வந்தான். உள்ளங்கை இன்னும் கருப்பாக இருந்தது.

"நட முடியல. நீ கல்லு நட்டுக்கோ, கையெழுத்துப் போடறேன்" என்றான் ஏகநாதன், அவன் முகத்தைப் பார்க்காமல்.

"அது கெடக்கட்டும். ஆளுங்கள இஸ்துகினு போனது யாருன்னு தெரிஞ்சுதா?"

"யாரும் இஸ்துகினு போல. கம்பெனிக்குப் பூட்டாங்க. அஞ்சம்மா வெத்தலைய எங்கிட்ட திருப்பிக் குடுத்துட்டா. நான்தான்... வேற நெனப்புல மறந்துட்டேன்."

சிட்டிபாபு அவனை ஏற இறங்கப் பார்த்தான். ஊரில் எவன் எப்போது இருமினான் என்று நினைவு வைத்திருக்கிறவன் மறந்துவிட்டானாம். "கற்பூரம் அடிப்பியா?" என்றான்.

பச்சையம்மாவின் கையில் கயிறு இறுகியது.

ஏகநாதன் சேற்றிலிருந்து காலை எடுத்தான். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். "அடிக்கிறேன், வா" என்று சொல்லிக் கோயில் பக்கம் நடந்தான். விளையாட்டில்லை, நிஜமாகவே போனான். அந்த ஆத்தாவிடம் மட்டும்தான் அவனுக்குச் சந்தேகம் கிடையாது. பொய் சொன்னால் கண்டிப்பாகக் கேட்பாள் என்று தெரிந்துதான் போனான்.

நாலடி போயிருப்பான்.

"போவாதய்யா" என்றாள் பச்சையம்மா. கயிற்றை விட்டுவிட்டுப் புண்காலோடு வரப்பில் ஓடிவந்து அவன் துண்டைப் பிடித்தாள். பிறகு கொழுந்தன் பக்கம் திரும்பி, "வெத்தல என் கைல வந்துது சிட்டி. நான்தான் மறைச்சேன். நீ அடிச்ச கற்பூரம் நான் அடிக்க வேண்டியது" என்றாள்.

சிட்டிபாபு அண்ணியின் காலைப் பார்த்தான், அண்ணனைப் பார்த்தான். கருத்த கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். வெள்ளைச் சட்டை அழுக்காயிற்று.

"மாடு அடுத்தவன் பிளாட்டுக்குள்ள போவுது" என்று சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றி வைத்துச் சேற்றில் இறங்கி, கயிற்றைப் பிடிக்கப் போனான்.